பைக் பந்தயத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. திருப்பெரும்புதூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். வீட்டுச் செலவு போக மாதம் 9,000 ரூபாய் மிஞ்சுகிறது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பைக் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தனிநபர் கடன் வாங்கிப் பழைய பந்தய பைக் ஒன்றை வாங்கலாமா?

பதில்: கடன் வேண்டாம், ஆனால் ஆசையைக் கைவிட வேண்டிய தேவையும் இல்லை. பந்தயத்தில் பணத்தைக் கரைப்பது வண்டியின் விலை அல்ல, அதை ஓட்டும் செலவுதான். ஒரு வளைவில் சறுக்கி விழுந்தாலே கிளட்ச் லிவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் என்று வரிசையாக மாற்ற வேண்டியிருக்கும். ஹெல்மெட் தரையில் பலமாக மோதியிருந்தால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மீண்டும் அணியக் கூடாது. இந்தச் செலவு எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், மாதந்தவறாமல் கட்ட வேண்டிய தவணையையும் அதனுடன் சேர்த்துச் சுமப்பது உங்கள் வருமானத்துக்குத் தாங்காது.

மிஞ்சும் தொகையில் 4,000 ரூபாயை அவசரகால நிதிக்கு ஒதுக்குங்கள். மீதி 5,000 ரூபாயை வங்கித் தொடர் வைப்பில் போட்டு வந்தால், 6.5 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் சேரும். இவ்வளவு குறுகிய காலத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியவை ஹெல்மெட், லெதர் சூட், கையுறை, பூட்ஸ் ஆகியவையே. அடுத்து, பயிற்சிப் பள்ளி ஒன்றில் தேறி, இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கூட்டமைப்பின் போட்டி உரிமத்தைப் பெறுங்கள். டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் நடத்தும் ஒரே ரக வண்டிப் பந்தயங்களில் வண்டியை நிறுவனமே தருகிறது. தேர்வுச் சுற்றில் நல்ல நேரம் காட்டினால் போதும். சொந்த வண்டி இல்லாதவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் காப்பீடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் குடும்பங்கள் நிலைகுலைவது இங்கேதான். நம் நாட்டின் வழக்கமான வாகன பாலிசி, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்தை ஏற்காது. ஆகவே அன்றாடம் வேலைக்குப் போகும் பைக்கைத் தடத்தில் இறக்காதீர்கள். மருத்துவக் காப்பீட்டின் பொது விதி, மோட்டார் பந்தயத்தில் தொழில்முறையாகப் பங்கேற்பவரின் சிகிச்சைச் செலவைத்தான் விலக்குகிறது. எனினும் பொழுதுபோக்காக ஓட்டும் உங்களுக்கு அது பொருந்தாது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக் காப்பீட்டின் விலக்குகள் பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால், அவற்றைத் தனியாகப் படியுங்கள். டேர்ம் பாலிசி எனப்படும் குறித்த கால ஆயுள் காப்பீட்டை எடுக்கும்போது விண்ணப்பத்தில் பந்தயப் பழக்கத்தை மறைக்காமல் குறிப்பிடுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் கூடட்டும், மறைத்தது தெரிய வந்தால் இழப்பீடு மறுக்கப்பட்டு உங்கள் பெற்றோர்தான் அலைய வேண்டியிருக்கும்.

சொந்தப் பந்தய பைக் வாங்குவதை ஒரு முழு சீசன் ஓட்டி முடித்தபின் யோசிக்கலாம். அப்போதும், கையிலுள்ள பந்தயப் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மறு பாதி டயருக்கும் பழுதுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வேண்டும்.