நீச்சல் ஸ்காலர்ஷிப்பை நம்பி 529 சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் கேரி நகரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. ஏழு வயதிலிருந்து கிளப்பில் நீந்துகிறான், பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நன்றாக வரும். கிளப் கட்டணம், போட்டிப் பயணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 9,000 டாலர் ஆகிறது. இந்த வருஷம் இருபது கல்லூரி கோச்களுக்கு இமெயில் அனுப்பினான். ஒருவரும் உருப்படியாகப் பதில் எழுதவில்லை. இரண்டு இடத்திலிருந்து கோடைக்கால முகாமுக்கு அழைப்பு மட்டும் வந்தது. ஒரு ரெக்ரூட்டிங் நிறுவனம் 3,900 டாலர் கட்டினால் கோச்களிடம் பேசி ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. முன்பணம் குறைவாகக் கட்டிவிட்டு, கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் ஒரு பங்கு தரலாம் என்றும் சொல்கிறார்கள். கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பான 529 கணக்கில் மாதம் 600 டாலர் போட்டு வருகிறோம். அதை நிறுத்திவிட்டு இதில் போடலாமா? நான் ஹெச்-1பி வேலை விசா, மகன் என்னைச் சார்ந்த ஹெச்-4.

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டாதீர்கள். பங்கு கேட்கிறார்களே, அந்தத் திட்டத்தின் பக்கமே போக வேண்டாம்.

முதலில் அந்த இருபது இமெயில்களைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் வீட்டின் கவலை அங்கேதான் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, நீச்சல் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15-ஆம் தேதிக்கு முன்னால் டிவிஷன் 1, அதாவது மேல்மட்டப் பிரிவின் கோச் ஒரு மாணவனை அணிக்கு அழைப்பது பற்றி இமெயில் எழுதக் கூடாது, போனில் பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது. பையன் எழுதலாம், கோச் படிக்கலாம், பதில் போட முடியாது. முகாம் விளம்பரமும் விவரப் படிவமும் அனுப்ப மட்டும் அனுமதி உண்டு. உங்களுக்கு வந்தது அதுதான். உங்கள் மகனை யாரும் ஒதுக்கவில்லை, தேதி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பெற்றோர் தவித்துப்போகும் இந்த மாதங்களில்தான் இப்படிப்பட்ட நிறுவனங்கள் போன் செய்கின்றன.

இருபதில் டிவிஷன் 3 கல்லூரிகளும் இருந்தால் அந்தக் கணக்கு வேறு. அவர்களுக்குப் போன், இமெயில் விஷயத்தில் இந்தத் தேதிக் கட்டுப்பாடு கிடையாது. அங்கிருந்து பதில் வரவில்லை என்றால் இமெயில் சரியாக எழுதப்படவில்லை, அல்லது அவன் நீந்தும் நேரம் இன்னும் குறைய வேண்டும். அந்த இமெயில்களை மட்டும் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

முகாம் அழைப்பைத் தேர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி நடத்தும் முகாம் யார் வேண்டுமானாலும் சேரும்படி திறந்திருக்க வேண்டும் என்பதே விதி. அதனால் அந்தக் கடிதம் பெரிய பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் போகும். மகனுக்கு அந்தக் கல்லூரி உண்மையாகவே பிடித்திருந்தால் ஒரு முகாமுக்கு அனுப்புங்கள். கோடை முழுவதும் முகாம் முகாமாகச் சுற்ற வேண்டாம்.

அடுத்து அந்த 3,900 டாலர். கூடைப்பந்தோ வாலிபாலோ ஆடும் பிள்ளை என்றால் வீடியோ, அறிமுகம் என்று ஏதோ ஒரு வாதத்துக்கு இடமிருக்கும். நீச்சலில் ஒரு பிள்ளையின் மதிப்பு கடிகாரத்தில் இருக்கிறது. அவன் நீந்திய ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் நேரமும் பொதுவில் பதிவாகி இருக்கிறது, எந்தக் கோச்சும் ஒரு நிமிஷத்தில் தேடி எடுத்துவிடுவார். இடைத்தரகர் அதில் சேர்க்க ஒன்றுமில்லை. இதே வேலையை நீங்களும் மகனும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்துவிடலாம். ஒரு கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் (சேர்ந்து போட்டியிடும் கல்லூரிகளின் குழு) இருக்கிறதோ, அதன் சாம்பியன்ஷிப் முடிவுகளை எடுத்து, 100, 200 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இறுதிச் சுற்றில் புள்ளி வாங்கியவர்களின் நேரத்தைப் பாருங்கள். மகனின் நேரம் அதற்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கட்டும். நான்கைந்து விநாடி தள்ளி இருந்தால், எவ்வளவு கட்டணம் கட்டினாலும் அந்த இடைவெளி குறையாது. கல்லூரி சீசன் 25 யார்டு குளத்தில் நடப்பது என்பதால் மீட்டர் நேரத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஸ்காலர்ஷிப்பில் பங்கு என்பது பணம் வீணாவதோடு முடிகிற விஷயம் இல்லை. மாணவனைக் கல்லூரியில் சேர்த்துவிடுவதை வைத்தோ, அவன் பெறும் உதவித்தொகையை வைத்தோ கட்டணம் வாங்குபவரை என்.சி.ஏ.ஏ. ஏஜெண்டாகப் பார்க்கும். மகனின் விளையாடும் தகுதியே கேள்விக்குள்ளாகலாம். இந்த ஏற்பாட்டைத் தாங்களாகவே முன்வைக்கும் நிறுவனத்துக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் உங்கள் பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இனி ஸ்காலர்ஷிப் எவ்வளவு வரும் என்ற கணக்கு. பள்ளியில் விளையாடுபவர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்குத்தான் கல்லூரி விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஏதாவது ஒரு அளவில் கிடைக்கிறது என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. ஆண்கள் நீச்சலில் நெடுங்காலம் ஒரு டிவிஷன் 1 அணிக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அதை இருபது, முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. நீச்சலுக்கு அது 30. காகிதத்தில் முப்பது பேருக்கும் முழுத் தொகை கொடுக்கலாம். ஆனால் அதே சமரசப்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பங்கிடவும் தொடங்கியிருக்கின்றன. 2025-26-க்கு அதன் வரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சலுக்குப் புதிதாகப் பணம் கொட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்ளும் கடைசி இடங்களும் சுருங்கிவிட்டன.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வெளி மாநிலக் கல்லூரி ஒன்றில் மொத்தச் செலவு வருஷத்துக்கு 60,000 டாலர் என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஊரெல்லாம் வாழ்த்தும், ஆனால் உங்கள் கையிலிருந்து 40,000 போகும். உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பைசா விளையாட்டு உதவி இல்லாமல் 25,000-இல் முடிந்தால், அதுவே வருஷத்துக்கு 15,000 மலிவு. மகிழ்ச்சியில் இந்தக் கழித்தலைப் போட மறந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் மதிப்பெண்ணில் கவனம் வையுங்கள். விளையாட்டு ஸ்காலர்ஷிப் டிவிஷன் 3-இல் கிடையவே கிடையாது, ஐவி லீக்கிலும் கிடையாது. ஆனால் நல்ல டிவிஷன் 3 கல்லூரிகள் பல, படிப்புக்கும் குடும்ப நிலைக்கும் ஏற்ப, விளையாட்டுத் துண்டு ஸ்காலர்ஷிப்பை விடப் பெரிய தொகை கொடுக்கின்றன. டிவிஷன் 1-க்கும் படிப்புத் தகுதி வேண்டும்: 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அவன் எடுக்கும் பாடங்கள் என்.சி.ஏ.ஏ. ஏற்ற பட்டியலில் இருக்கின்றனவா என்று பள்ளி கவுன்சிலரிடம் இந்த மாதமே கேளுங்கள். இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

529-க்கு வருவோம். மாதம் 600 என்றால் இரண்டு வருஷத்தில் 14,400 டாலர், அதன் வளர்ச்சி தனி. ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டால் இது மாட்டிக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு 529-இலிருந்து எடுத்தால் 10 சதவீத அபராதம் கிடையாது, லாபத்துக்கு மட்டும் வருமான வரி. தம்பி தங்கை பெயருக்கும் மாற்றலாம். இன்னொரு விஷயம்: ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதி மாணவனின் வரிக்குரிய வருமானம். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் விசா நிலை இந்தச் சேமிப்பை இன்னும் முக்கியமாக்குகிறது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தேவையில்லை, ஹெச்-4 பிள்ளையும் வாங்கலாம். ஆனால் மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ அவனுக்குக் கிடைக்காது. சில தனியார் கல்லூரிகள் ஹெச்-4 மாணவரை வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் எடுக்கும். அதனால் கல்லூரித் தளங்களில் இருக்கும் செலவுக் கணிப்பானை நம்பாமல், நிதி உதவி அலுவலகத்தைக் கூப்பிட்டு உங்கள் விசாவைச் சொல்லிக் கேளுங்கள். 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும், கல்லூரி நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கலாம். பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிப்பது, கல்லூரி தரும் வருவாய்ப் பங்கு இவற்றில் கை வைக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். ஹெச்-4-இல் அவனுக்கு வேலை அனுமதி இல்லை, ஒரு சின்ன விளம்பர ஒப்பந்தம்கூடப் பெரிய சிக்கலாகலாம். 3,900 டாலரில் ஒரு பகுதியை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அந்த வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

ஜூன் 15-க்குப் பிறகு கோச்கள் கூப்பிட்டால் மகனே பேசட்டும். பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் கல்லூரியே செலவு செய்து அழைக்கும் அதிகாரப்பூர்வ வருகைகள் தொடங்கும், அதற்கு முன் உங்கள் செலவில் ஊர் ஊராகப் போக அவசரம் இல்லை. பணக் கேள்விகளை மட்டும் நீங்கள் கேளுங்கள்: தொகை எவ்வளவு, ஒரு வருஷத்துக்கா நான்கு வருஷத்துக்கா, காயம்பட்டால் என்ன ஆகும், கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் என்ன ஆகும். வாய்மொழி வாக்குறுதி இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. மாணவன் ஒரு கல்லூரிக்கே வருவதாகக் கையெழுத்திடும் பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரோடு ஒழிந்துவிட்டது, இப்போது கையெழுத்தாவது கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தம்தான். எழுத்துமூலமான சலுகை பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-க்கு முன் வராது. அது வந்ததும், கையெழுத்துப் போடும் முன், எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகச் சேர்ந்து படிக்கலாம்.