மூன்று முறை கைநழுவிய கருவி

கேள்வி: திரும்பத் திரும்பத் தோற்றும் விஞ்ஞானிகள் விடாமல் அனுப்பிய விண்வெளிக் கருவி ஏதாவது உண்டா?

உண்டு. எக்ஸ் கதிரின் சூட்டை அளக்கும் மைக்ரோகலோரிமீட்டர். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இதன் கதையை வகுப்பில் சொல்லாமல் ஒரு வருடமும் விட்டதில்லை.

முதலில் அது வேலை செய்யும் விதம். விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரை நம் வளிமண்டலம் உறிஞ்சிவிடும், அதனால் கருவி மேலே போயே ஆகவேண்டும். மேலே, ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத சில்லு ஒன்றின் மேல் ஒற்றை ஃபோட்டான், அதாவது எக்ஸ் கதிரின் ஒரு துகள், வந்து விழுகிறது. சில்லு சூடாகிறது. எவ்வளவு? ஒரு டிகிரியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு, அவ்வளவுதான். அந்தச் சூட்டை அளந்தால் ஃபோட்டானின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆனால் சில்லின் அணுக்களே ஆடிக்கொண்டிருந்தால் இந்தத் துளிச் சூடு எங்கே தெரியும்? அதனால்தான் அதைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே குளிரே கிடையாது) மேல் வெறும் 0.05 டிகிரியில் வைத்திருக்கிறார்கள்.

இந்த யோசனை 1980களில் நாசாவின் கோடார்ட் மையத்தில் பிறந்தது. இன்று சந்திரா என்று நாம் அறியும் நாசாவின் எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கித் திட்டத்தில் இதற்கும் முதலில் இடம் இருந்தது. செலவைக் குறைத்தபோது அந்த இடம் போய்விட்டது. பிறகு ஜப்பான் கைகொடுத்தது.

2000 பிப்ரவரியில் இந்தக் கருவியோடு ஜப்பானின் அஸ்ட்ரோ-இ செயற்கைக்கோள் கிளம்பியது. ராக்கெட்டின் முதல் கட்டத்திலேயே கோளாறு, செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவே இல்லை. மறுபடியும் கட்டினார்கள். 2005 ஜூலையில் சுசாகு நல்லபடியாக மேலே போனது. சில்லுகளும் குளிர்ந்து, எதிர்பார்த்தபடியே வேலை செய்தன. ஒரு மாதத்துக்குள் குளிர்விக்கும் திரவ ஹீலியம் முழுவதும் ஆவியாகிப் போயிற்று. வானத்துப் பொருள் ஒன்றைக்கூட நம் கருவி பார்த்திருக்கவில்லை. சுசாகுவின் மற்ற கருவிகள் பத்து வருடம் உழைத்தன.

2016 பிப்ரவரி 17, மூன்றாவது செயற்கைக்கோள் ஹிட்டோமி கிளம்பியது. இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். சுழலாமல் இருந்த செயற்கைக்கோள், தான் சுழல்வதாகத் தப்பாகக் கணக்குப் போட்டு, அதை நிறுத்துவதாக நினைத்துச் சுழலத் தொடங்கியது. காப்பாற்ற வேண்டிய உந்துகருவிகளுக்குக் கொடுத்திருந்த எண்களும் தவறு. சுழற்சி இன்னும் கூடியது. மார்ச் 26 அன்று சூரியத் தகடுகள் பிய்ந்து போயின.

ஆனால் அதற்குள் அது பெர்சியஸ் விண்மீன்திரள் கொத்தைப் பார்த்துவிட்டது. சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவு, நடுவில் பல கோடி டிகிரி சூட்டில் வாயு. வகுப்பில் இரண்டு தாள்களை மேசையில் வைப்பேன். ஒன்றில் பழைய சிசிடி கருவி (கேமராவில் இருப்பது போன்ற உணரி) பதிந்த இரும்பின் வரி, அதாவது இரும்பு அணுக்கள் தமக்கே உரிய ஆற்றலில் வீசும் எக்ஸ் கதிரின் தடம்: குவித்த மணல் மாதிரி ஒரே மேடு. மற்றதில் ஹிட்டோமி பதிந்தது: அதே மேடு தனித்தனி ஊசிகளாகப் பிரிந்து நிற்கும். “ரெண்டும் ஒரே இடமா சார்?” என்று கட்டாயம் ஒருவராவது கேட்பார்கள். அந்த ஊசிகளின் தடிமனிலிருந்துதான் வாயு நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் வேகத்தில் கலங்கிக்கொண்டிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அங்கே ஒரு ராட்சதக் கருந்துளை வாயுவைக் குடைந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்க்கும்போது இந்த வேகம் குறைவு. ஒரே கொத்து, சில நாள் பார்வை, அதற்கே இவ்வளவு.

2023 செப்டம்பர் 7 அன்று நிலவுக்குப் போன ஸ்லிம் கலத்தோடு ஒரே ராக்கெட்டில் அடுத்த செயற்கைக்கோள் கிரிஸம் ஏறியது. அதிலுள்ள மைக்ரோகலோரிமீட்டரின் பெயர் ரிசால்வ், அதில் 36 சில்லுகள். இந்த முறை ஹீலியம் தீர்ந்தாலும் இயந்திரக் குளிரூட்டிகளே தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். எல்லாம் வேலை செய்கிறது, ஒன்றைத் தவிர. ஏவும்போது கருவியைக் காக்க முன்னால் ஒரு கதவு வைத்திருந்தார்கள். மேலே போனதும் திறக்க வேண்டியது திறக்கவில்லை. கதவின் நடுவில் சுமார் கால் மில்லிமீட்டர் கனத்தில் பெரிலியச் சாளரம் ஒன்று உண்டு. 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே உள்ள கதிர்களை அது ஏறக்குறைய முழுக்க மறைத்துவிடுகிறது. ஆக்சிஜனின் வரிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆக்சிஜனை இழந்தது பெரிய நஷ்டம்தான், மறுக்கமாட்டேன்.

இரும்பின் வரிகள் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த மூடிய கதவு பெரிய தடை இல்லை.