‘ரேங்’ எங்கே, ‘ரிங்டு’ எங்கே?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், அகழி கோட்டையைச் சூழ்ந்திருந்தது என்னும் பொருளில் ‘ரிங்டு’ என்று எழுதியதை ஆசிரியர் ‘ரேங்’ என்று திருத்தி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டதாகவும், எது சரி என்று தெரியவில்லை என்றும் குடியாத்தம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் மகள் எழுதியதே சரி. ‘ரிங்’ என்பது ஒரே வினைச்சொல் அன்று. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக அமைந்துவிட்ட இரண்டு சொற்கள். மணி ஒலிப்பதைக் குறிப்பது ஒன்று. வளையம்போல் சூழ்வதைக் குறிப்பது மற்றொன்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் மணி ஒலித்தது என்றால் ‘ரேங்’. அதே கோட்டையை அகழி சூழ்ந்திருந்தது என்றால் ‘ரிங்டு’.

ஒலியைக் குறிக்கும் வினை, பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரிங்கன்’ என்று வழங்கியது. நாம் ‘கணீர்’ என்று சொல்வதைப் போல, உலோகத்தின் ஓசையைக் கேட்டபடியே சொல்லாக்கிய ஒலிக்குறிப்பு அது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘ரிங், ரேங், ரங்’ என்று இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வடிவங்கள் தொடக்கத்தில் இருந்தவை அல்ல. அக்காலத்தில் இந்த வினையும் மற்றப் பல வினைகளைப் போல இறுதியில் விகுதி சேர்த்தே இறந்தகாலம் காட்டியது. பின்னாளில் ‘சிங், சேங், சங்’ என்னும் வரிசையைப் பார்த்து மக்கள் பேசிப் பேசியே உயிரொலியை மாற்றிக்கொண்டார்கள். சூழ்தலைக் குறிக்கும் வினையோ வளையம் என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே அது வழக்கமான ‘டு’ விகுதியையே ஏற்கிறது. அடையாளம் காண்பதற்காகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டுவதற்கும் ‘ரிங்டு’ என்பதே இறந்தகாலம்.

ஒலி வினையின் பொருள் மணியோடு நிற்கவில்லை. கைதட்டலால் அரங்கம் அதிர்வதற்கும், காதுக்குள் இடைவிடாமல் இரைச்சல் கேட்பதற்கும் அதுவே பயன்படுகிறது. ஒருவர் சொல்வது உண்மையாகப் படுகிறது என்பதை ‘ரிங்ஸ் ட்ரூ’ என்பார்கள். நாணயத்தைத் தட்டி, அதன் நாதத்தைக் கொண்டு நல்லதா கள்ளதா என்று தேர்ந்த வழக்கத்திலிருந்து வந்த தொடர் இது. தொலைபேசி வந்தபின் ஒருவரை அழைப்பது என்னும் பொருளும் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது இன்றும் இயல்பான வழக்கு, அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘கால்’ என்பார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் துணியைப் பிழிவதைக் குறிக்கும் வினையும் ‘ரிங்’ என்றே ஒலிக்கும். ஆனால் அதன் தொடக்கத்தில் ஒலிக்காத ‘டபிள்யூ’ உண்டு, அதன் இறந்தகாலம் எப்போதும் ‘ரங்’ மட்டுமே. ஒலி வினைக்கு ‘ரங்’ என்பது ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ போன்ற துணைவினைகளுக்குப் பின்னரே வரும். அங்கே ‘ரேங்’ எழுதுவதுதான் நம் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

நல்ல ஆங்கில அகராதிகளில் ஒலித்தலையும் சூழ்தலையும் குறிக்கும் இரண்டு ‘ரிங்’ சொற்களும் 1, 2 என்று எண்ணிட்ட தனித் தலைச்சொற்களாக இருக்கும். அந்தப் பக்கத்தை விடைத்தாளோடு எடுத்துச்சென்று ஆசிரியரிடம் காட்டுங்கள். குறைத்த மதிப்பெண்ணைக் கேட்க உங்கள் மகளுக்கு முழு உரிமை இருக்கிறது.