ஆப் ‘பச்சை’ காட்டினால் நம்பலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. சிசேரியனில் பிறந்த மகனுக்கு 10 மாதம், தாய்ப்பாலும் குடிக்கிறான், இட்லி சாதமும் சாப்பிடுகிறான். பிரசவத்துக்குப் பிறகு 4 முறை பீரியட்ஸ் வந்துவிட்டது, இடைவெளி 26, 38, 31 நாட்கள். ஹார்மோன் உடம்புக்கு ஆகாது, மாத்திரை, காப்பர் டி எதுவும் வேண்டாம் என்று அக்கா சொல்கிறாள். கரு தங்காமல் இருக்க, பீரியட்ஸ் தேதியைக் கணக்குப் போடும் ஒரு ஆப்பைப் போனில் வைத்து, அது பச்சை காட்டும் நாட்களில் மட்டும் சேர்கிறோம். இது போதுமா டாக்டர்?

பதில்: போதாது. உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். கருமுட்டை அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் வெளியாகும், அப்படியென்றால், பீரியட்ஸ் தொடங்கிய நாளை 1 என்று எண்ணினால், 26 நாள் மாதத்தில் 12ஆம் நாள் வாக்கிலும், 38 நாள் மாதத்தில் 24ஆம் நாள் வாக்கிலும் வந்திருக்கும். பழைய தேதிகளைச் சராசரி போடும் ஆப் நடுவில் 18ஆம் நாளைக் குறித்துவிட்டு, அந்த 24ஆம் நாளைப் பச்சையாகக் காட்டும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், ஆனால் விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். பழைய காலண்டர் முறைப்படி மிகக் குறைந்த இடைவெளியில் 18ஐயும், மிக அதிகமானதில் 11ஐயும் கழித்தால் உங்களுக்கு 8ஆம் நாளிலிருந்து 27ஆம் நாள் வரை ஆபத்து. அதற்கும் குறைந்தது 6 மாதக் கணக்கு வேண்டும், உங்களிடம் 3தான் இருக்கிறது.

இயற்கை முறையே பொய் என்று சொல்லவில்லை. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன்பே, தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்து தினமும் எழுதி வர வேண்டும். முட்டை வெளியான பிறகு சூடு 0.2 டிகிரி செல்சியஸோ கொஞ்சம் கூடவோ ஏறி அப்படியே நிற்கும். அதோடு வெள்ளைப்படுதலையும் கவனிக்க வேண்டும், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, இரண்டு விரலுக்கு நடுவில் நூலாக நீண்டால் கரு தங்கக்கூடிய நாட்கள். இரண்டையும் சேர்த்து முறையாகக் கற்றுத் தவறாமல் செய்பவர்களில் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்குக்கூட கரு தங்குவதில்லை. நடைமுறையில், எந்த இயற்கை முறை என்பதைப் பொறுத்து, 2 முதல் 23 பேருக்குத் தங்கிவிடுகிறது. இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுக்கும் உங்களுக்கு அந்தக் காலைச் சூட்டை நம்பவே முடியாது. அப்புறம், ஆபத்தான நாட்களில் ஒதுங்கியிருக்க உங்கள் கணவரும் மனதார ஒத்துக்கொள்ள வேண்டும், கணக்கு முழுவதையும் உங்கள் தலையில் மட்டும் வைக்கக் கூடாது.

சிசேரியன் தையல் போட்ட கர்ப்பப்பைக்கு அவகாசம் தேவை, அடுத்த கரு தங்க 2 வருடமாவது போகட்டும். அதனால் இன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆணுறை. அக்காவிடம் சொல்லுங்கள், சாதாரண காப்பர் டியில் ஹார்மோன் கிடையாது, வெறும் செம்புதான். முதல் சில மாதம் ரத்தப்போக்கும் வலியும் கொஞ்சம் கூடலாம், அதை மறைக்க மாட்டேன். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரையிலும் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம், முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. தொடங்கும் முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்து 5 நாளுக்குள் என்றால் உடனே போங்கள், காப்பர் டி போட்டே கரு தங்காமல் தடுக்கலாம். அதைத் தாண்டிவிட்டால், சேர்ந்த நாளிலிருந்து 3 வாரம் கழித்து, பீரியட்ஸ் வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.