இங்கிலாந்தின் நிலக்கிழார் குடும்பங்கள் நூற்றாண்டுக் கணக்கில் பழைய காகிதங்களை ஏன் சேர்த்து வைத்தன?

குடும்ப ஆவணக் காப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நிலக்கிழார் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பத்திரங்கள், குத்தகைச் சீட்டுகள், வாடகைக் கணக்குகள், நில வரைபடங்கள், கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடப்பதுதான். குளோஸ்டர்ஷயரில் பெர்க்லி குடும்பம் 12-ஆம் நூற்றாண்டில் பெற்ற அதே கோட்டையில்தான் இன்றும் இருக்கிறது, அவர்களுடைய ஆவணங்களும் அங்கேயே.

பாசத்தால் வைத்திருந்தார்கள் என்று நினைக்காதீர்கள், முக்கியக் காரணம் பயம். நிலப் பதிவேடு அங்கே எல்லாப் பகுதிக்கும் கட்டாயமானது 1990-இல்தான். அதற்கு முன் பதிவில் இல்லாத நிலம் யாருடையது என்று காட்டப் பழைய பத்திரம்தான் ஆதாரம். வீடு வாங்கப் போனால் வக்கீல் தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பாரே, அதே கதை.

எனக்குப் பிடித்தது இண்டென்ச்சர் என்ற ஒப்பந்தப் பத்திரம். ஒரே ஆட்டுத்தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே வளைவு வளைவாக வெட்டி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். பின்னாளில் தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள், வெட்டு பொருந்தாவிட்டால் போலி. 1925 சொத்துச் சட்டம் கடைசி 30 வருடப் பத்திரம் காட்டினால் போதும் என்றதும், அதற்கும் பழையவை தேவையில்லாமல் போய், இப்படிப்பட்ட தோல்கள் எத்தனையோ விளக்கு மூடியாகிவிட்டன. கொடுமை!

அப்புறம், பலர் நினைப்பதுபோல இதெல்லாம் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் குவிந்து கிடக்கவில்லை. பெரும்பாலும் அந்தந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) காப்பகத்தில் இருக்கும், சில இன்னும் குடும்பத்தின் சொந்தச் சொத்து, அவர்கள் சம்மதித்தால்தான் பார்க்க முடியும்.