கோல்ஃப் வீடியோக்களை என்ன செய்வது? – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன், வயது ஐம்பதை நெருங்குகிறது. பையர் ஒருவர் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டதில் கோல்ஃப் பிடித்துப்போய், இப்போது வாராவாரம் செட்டிபாளையம் கோர்ஸுக்குப் போகிறேன். டிரைவரை (தூரம் அடிக்கும் நீளமான மட்டை) எடுத்தால் பந்து வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது. ராத்திரி யூடியூபில் ஒரு வீடியோவாவது பார்க்காமல் படுப்பதில்லை. ஒருவர் இடுப்பை முதலில் திருப்பு என்கிறார், இன்னொருவர் இடுப்பை மற, கையைப் பார் என்கிறார். கூட ஆடுகிறவர்கள் 'தலையைத் தூக்கிட்டீங்க' என்கிறார்கள். பை தூக்கிக்கொண்டு கூட வரும் கேடி அண்ணனோ 'பந்தை அடிக்காதீங்க சார், புல்லை அடிங்க' என்கிறார். எல்லாம் செய்து பார்த்தாயிற்று, போன வருஷத்தைவிட மோசமாக அடிக்கிறேன். யாரைத்தான் நம்புறதுங்க? ஏழாவது படிக்கும் பையனும் வருகிறேன் என்கிறான். அவனுக்கும் இந்த வீடியோக்களைக் காட்டலாமா?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

யாரை நம்புவது என்பது அப்புறம். உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது, எனக்கு முதலில் அதுதான் வேண்டும். பந்து வலது பக்கம் வளைகிறது, சரி. கிளம்பும்போது எந்தப் பக்கம் கிளம்புகிறது? இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைகிறதா, இல்லை கிளம்பும்போதே வலது பக்கம் போய் இன்னும் வலது பக்கம் ஓடுகிறதா? இரண்டுக்கும் ஸ்லைஸ் என்றுதான் பெயர். ஆனால் இரண்டும் ஒரே கோளாறு இல்லை, ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். நீங்கள் பார்த்த எந்த வீடியோவாவது இந்தக் கேள்வியைக் கேட்டதா?

உங்கள் யூனிட்டில் துணியில் நெடுகக் கோடு விழுந்தால் ஃபிட்டர் என்ன செய்வார்? துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எந்த ஊசி என்று கண்டுபிடிப்பார். பக்கத்து யூனிட்டில் நேற்று எந்த ஊசியை மாற்றினார்கள் என்று விசாரித்து வந்து, இங்கேயும் அதே ஊசியைக் கழற்ற மாட்டார். கோல்ஃபில் உங்கள் துணி, பந்து பறக்கும் வழி. அதைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையும், சொல்பவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், உங்களுக்குச் சொன்னது ஆகாது.

பந்து எப்படிப் பறக்கிறது என்பதிலேயே பல காலம் தப்பாகச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். கிளப் (மட்டை) வீசப்படும் பாதையில்தான் பந்து கிளம்பும், கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், பார்க்கும் திசையில் போய் முடியும் என்று. ட்ராக்மேன் மாதிரி ரேடார் கருவிகள் வந்து அளந்து பார்த்தபோது கிட்டத்தட்ட நேர்மாறாக இருந்தது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது, டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம், அயர்னில் (இரும்புத் தலை மட்டை) 75. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடியோவை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

இப்போது உங்கள் பந்துக்கு வருவோம் (வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்). கிளம்பும்போதே வலது பக்கம் போனால் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலது பக்கம் பார்க்கிறது. முதலில் கிரிப்பை, கிளப்பைப் பிடித்திருக்கும் விதத்தை, பாருங்கள், குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு மூன்று விரல் முட்டியாவது தெரிய வேண்டும். இடது பக்கம் கிளம்பி வளைந்தால் கிளப் குறுக்கே வெட்டிக்கொண்டு இடது பக்கம் போகிறது. தோள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, பந்தை ரொம்ப முன்னால் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 'வலது பக்கம்தானே போகுது, இடது பக்கம் குறி வைச்சு அடிங்க' என்று நல்ல மனசோடு சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்படி நின்றால் பாதை இன்னும் இடது பக்கம் போகும், வளைவு கூடும்.

இது இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். ஒயிட்போர்டு மார்க்கர் ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். பந்தின் பின்பக்கம், கிளப் வந்து தொடும் இடத்தில், பொட்டு மாதிரி ஒரு புள்ளி வைத்துவிட்டு டிரைவரால் அடியுங்கள். மை கிளப் முகத்தில் ஒட்டியிருக்கும். நடுவில் இருந்தால் சரி. உங்கள் பக்கமாக, கம்பி சேரும் குதிகால் பக்கம் இருந்தால், மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் பந்து வலது பக்கம் வளையும், நடுவில் படாத அடியில் கிளப்பின் தலை லேசாகத் திரும்பி, பந்தை அப்படிச் சுழற்றிவிடும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பந்துக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை, இடுப்பை இல்லை. பத்துப் பந்து அடித்து, மை ஒட்டிய இடத்தை ஒவ்வொன்றாகத் துடைப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பார்த்த வீடியோக்களைவிட அந்தப் பத்துப் படங்கள் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பென் ஹோகன் 1957ல் தன் புத்தகத்தில் எழுதியதைத்தான் இன்றைக்கும் பாதி உலகம் திருப்பிச் சொல்கிறது. ஹோகனை வாட்டியது ஹூக், அதாவது பந்து இடது பக்கம் சுருண்டு ஓடுவது. அதைத் தடுக்கத் தன் கிரிப்பை மாற்றி அமைத்துக்கொண்ட மனிதர் அவர். முகம் திறந்தே வரும் ஒருவர் அந்த கிரிப்பைப் பிடித்தால் பந்து பேர்வேயை (நடுவில் புல் வெட்டி வைத்திருக்கும் பாதை) மறந்துவிட வேண்டியதுதான். 'லேக்' விஷயமும் அப்படியே. மணிக்கட்டு மடிப்பைக் கடைசிவரை பிடித்து வை என்கிறார்கள், உங்களைப் போன்றவர் அதைச் செய்தால் முகம் மூட நேரமே இருக்காது.

தலை விஷயம் எனக்கு நிஜமாகவே கோபம் வரும் விஷயம். தமிழ்நாட்டில் எந்த கோர்ஸுக்குப் போனாலும் மோசமான ஷாட் எல்லாவற்றுக்கும் தலையைத் தூக்கியதுதான் காரணம் என்பார்கள். அனிகா சோரன்ஸ்டாம் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 10 பட்டங்கள் ஜெயித்தவர், டேவிட் டூவல் 1999ல் உலகின் முதல் இடத்தில் இருந்தவர். இருவருடைய தலையும் பந்தைத் தொடும் நேரத்திலேயே இலக்குப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருக்கும். இன்னொரு பக்கம், பின்னாளில் பெரிய ஆட்டக்காரரான ஜாக் நிக்லாஸ் சிறுவனாக இருந்தபோது அவர் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் செய்து ஸ்விங் பழக்கினார் அவருடைய குரு ஜாக் க்ரௌட், அதுவும் உண்மை. தலை அங்கும் இங்கும் அலையாமல் இருப்பது ஒன்று, பந்து போன பிறகும் தாடையை நெஞ்சில் அமுக்கி வைத்திருப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் தோள் திரும்பாது, முதுகுதான் வலிக்கும். ஐம்பது வயதில் முதுகு முக்கியம்.

கேடி அண்ணன் சொன்னது நல்ல ஆலோசனை, அயர்னுக்கு. தரையில் கிடக்கும் பந்தை அயர்னால் அடிக்கும்போது கிளப் கீழ் நோக்கி வந்து முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொட வேண்டும். பந்து வைக்காமல் தரையில் கோலமாவால் ஒரு கோடு போட்டு, கிளப் கோட்டுக்கு முன்னால், இலக்குப் பக்கமாகப் புல்லைத் தொடுகிறதா என்று பழகிப் பாருங்கள். டீ என்னும் சின்னக் குச்சியின் மேல் உயரத்தில் இருக்கும் பந்தை டிரைவரால் அடிக்கும்போது அதே வாக்கியம் உங்களைக் கெடுக்கும். அவரிடமே கேளுங்கள், எந்த கிளப்புக்குச் சொன்னீங்கண்ணா என்று. வெயிலிலும் காற்றிலும் ஆயிரக்கணக்கான ஸ்விங்குகளைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் அது, தெளிவாகச் சொல்வார். வீடியோவிடம் திருப்பிக் கேட்க முடியாது.

இன்னொன்று. மேலிருந்து கிளப் இறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரம் கால் விநாடி அளவுதான், பந்து முகத்தில் ஒட்டியிருப்பது அரை மில்லி விநாடி. அதற்குள் இடுப்பு, முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று வீடியோவை நினைத்தால் உடம்பு எதைக் கேட்கும்? காப்ரியேலே வுல்ஃபும் கூட்டாளிகளும் 1999ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கற்பவர்களில் கை வீச்சைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் வீச்சைக் கவனித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். அதனால் ரவுண்டில் கோர்ஸுக்குள் இறங்கியபின் உடம்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். திருத்த வேண்டியதை ரேஞ்சில் (பயிற்சி மைதானம்) திருத்துங்கள், அதுவும் ஒரு சமயத்தில் ஒன்று.

டிரைவரை விடுங்க, பட்டிங்கை (குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுவது) பாருங்க என்று சொல்பவர்களும் இருப்பார்கள். மார்க் பிராடி என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டியபடி, நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பால் அடிக்கும் ஷாட்டுகளில்தான் வருகிறது. நீங்கள் டிரைவரைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமான கவலை.

நான் சொன்ன சோதனையை விடியற்காலையில் செய்யுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் சின்ன வளைவும் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துவிட்டு ஸ்விங்கை மாற்றப் போகாதீர்கள். ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு ஒரு புரோவிடம் (பயிற்சி கொடுக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்) போங்கள். ஸ்விங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாலு பந்து அடிக்கச் சொல்லிப் பந்தைப் பார்க்கிறவராக இருந்தால் அவரிடமே இருங்கள்.

பையனுக்கு வீடியோ வேண்டாம். நிக்லாஸுக்கு க்ரௌட் சொன்னது, முதலில் பலமாக அடி, நேராக அடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். கிரிப்பையும் நிற்கும் விதத்தையும் மட்டும் புரோவிடம் சரிபார்த்துவிட்டு மிச்சத்துக்கு அவனை விட்டுவிடுங்கள். உங்கள் பழைய கிளப்பை வெட்டிக் கொடுக்க வேண்டாம், பன்னிரண்டு வயதுக் கைக்கு அது கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். அவன் உயரத்துக்கு ஏற்ற ஜூனியர் கிளப் மூன்று நாலு வாங்கினால் இப்போதைக்குப் போதும்.