என்பிஏ புதுமுகங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தையும் என்பிஏ என்ற தொழில்முறை லீகையும் சில வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து புள்ளி எடுத்த பையன், என்பிஏ அணிகள் புதியவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் பத்து இடத்துக்குள் வருகிறான். பிறகு பார்த்தால் எட்டு நிமிடம் ஆடுகிறான், இரண்டு ஷாட் தவறுகிறது, போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறான். எங்கள் நண்பர்கள் குழுவில் இதற்கு இரண்டே காரணம்தான் சொல்கிறார்கள். உடம்பு போதவில்லை, அல்லது பணம் வந்ததும் மெத்தனம் வந்துவிட்டது. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. என்பிஏவின் துணை லீகான ஜி லீகுக்கு அனுப்புவது அவமானம்தானே என்றும் கேட்கிறார்கள். டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட நம் சத்னம் சிங் ஏன் ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும்.

செ., திருச்சி

அன்புள்ள செ.,

மெத்தனத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம். முதல் சுற்றில் எடுக்கப்படும் பையனுக்கு இரண்டு வருடச் சம்பளம்தான் உறுதி. மூன்றாம் வருடம் அவனை வைத்துக்கொள்வதா என்று, அவன் ஒரே ஒரு சீசன் ஆடி முடித்த நிலையில், அக்டோபர் 31க்குள் அணி முடிவு செய்துவிடும். பத்தொன்பது வயதில் அப்படியொரு தேதி தலைக்கு மேல் இருக்கும்போது யாருக்கும் மெத்தனம் வராது. உடம்பு ஒரு காரணம்தான், ஆனால் எல்லோரும் சொல்லும் அளவுக்குப் பெரிய காரணம் இல்லை.

பெரிய காரணம், அவன் செய்யவேண்டிய வேலையே மாறிவிடுவது. கல்லூரியில் அணியே அவனைச் சுற்றித்தான் ஆடியது. பந்து அவன் கையில் இருக்கும், மற்ற நால்வரும் அவனுக்கு இடம் விட்டு நிற்பார்கள். என்பிஏவில் பந்து வைத்திருக்க ஏற்கனவே இரண்டு மூத்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். புதுமுகத்திடம் அணி கேட்பது வேறு: கார்னரில், அதாவது மைதானத்தின் மூலையில் நில், பந்து வந்தால் கூடையை நோக்கிச் சுடு, ஓடு, நம் ஆளைத் தடுப்பவனின் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் வை, உன் ஆளை விடாதே. பத்து வருடமாகப் பந்தோடு வளர்ந்தவன் பந்தில்லாமல் பயன்பட வேண்டும். அவனை டிராஃப்ட்டில் எடுக்க வைத்த திறமையை முதல் வருடம் யாரும் அவனிடம் கேட்பதில்லை. இதுதான் அவன் முதலில் மோதும் சுவர்.

கார்னரில் நிற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்பதுபோல் தெரியும். மைதானத்தின் அகலம் 50 அடி, கூடை நடுவில். கார்னரில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 22 அடி. ஆக, அந்தக் கோட்டுக்கும் பக்கவாட்டு எல்லைக்கோட்டுக்கும் நடுவே மூன்றே அடி. கூடையைப் பார்த்து நிற்கும்போது ஓரடிக்கு மேல் நீளமுள்ள ஷூ அந்த மூன்றடியின் குறுக்கே கிடக்கிறது. பந்து வரும்போது ஒரு சின்னப் பின்னடி வைத்தால் குதிகால் வெளியே போய்விடும், பந்து எதிரணிக்கு. பெருவிரல் கோட்டை மிதித்தால் மூன்று இரண்டாகும். கீழே குனிந்து பார்க்கவும் நேரம் கிடையாது, தன் மீது பாய்ந்து வருபவன் ஒரு நொடிக்குள் வந்துவிடுவான். எனவே பந்து கிளம்பும் முன்பே கால் இடத்தில் இருக்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கை மார்புக்கு நேராகத் திறந்திருக்க வேண்டும். பாஸ் கணுக்காலுக்கு வந்தாலும் தலைக்கு மேல் வந்தாலும் கால் நகரக்கூடாது. பயிற்சியில் ஒழுங்கான பாஸாகப் பிடித்துப் பழகியவன் ஆட்டத்தில் இங்குதான் தடுமாறுகிறான். நல்ல பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே மோசமான பாஸ் கொடுத்துப் பழக்குவார்கள்.

அடுத்தது, பிடித்த பிறகு எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பது. சான் அன்டோனியோ என்ற என்பிஏ அணியில் இதற்கு ‘பாயின்ட் ஃபைவ்’ என்று ஒரு வழக்கு உண்டு. அரை நொடிக்குள் சுடு, அல்லது உள்ளே ஓட்டு, அல்லது பாஸ் கொடு. கல்லூரிப் பையனின் பழக்கம் வேறு. பிடிப்பான், நிமிர்ந்து பார்ப்பான், ஒரு காலை முன்னே தட்டி எதிராளியை அசைத்துப் பார்ப்பான், பிறகு பந்தைத் தரையில் தட்டி நகரும் டிரிபிள். அந்த ஒன்றரை நொடியில் எதிரணியின் உதவித் தடுப்பு முழுவதும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. முந்தைய இரண்டு பேர் உழைத்துத் திறந்த வழி அவன் கையில் மூடிப்போகிறது. தாக்கும் அணி சுட்டே ஆகவேண்டிய கெடுவான ஷாட் கிளாக் கல்லூரியில் 30 நொடி, இங்கே 24. மீண்டும் முதலிலிருந்து தொடங்க அவகாசம் இல்லை.

கார்னரைத் தவிர்த்த மற்ற இடங்களில் மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் 7.24 மீட்டர், கல்லூரியில் 6.75. வித்தியாசம் 49 சென்டிமீட்டர்தான். ஆனால் அதைத் தோளால் சமாளிக்கப் பார்ப்பவன் ஷாட்டையே கெடுத்துக்கொள்கிறான். பந்து திரும்பத் திரும்ப வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பினால் பெரும்பாலும் கையில் குறையில்லை, கால் சோர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். தூரத்துக்கான விசை காலிலிருந்து வரவேண்டும், கையின் வழி மாறக்கூடாது. திருத்தம் சிறிதாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கவாய் லெனர்ட் நல்ல உதாரணம். சான் டியேகோ ஸ்டேட் கல்லூரியில் இரண்டாம் வருடம் அவருடைய மூன்று புள்ளிச் சதவீதம் 29.1. 2011இல் 15ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு சான் அன்டோனியோவுக்கு வந்தார். சிப் எங்கிலண்ட் என்ற ஷூட்டிங் பயிற்சியாளர் அவர் ஷாட்டை முழுதாக உடைத்துக் கட்டவில்லை, பந்தை விடும் இடத்தில்தான் கைவைத்தார். முதல் சீசனிலேயே, தூரமும் கூடியிருக்க, 37.6 சதவீதம்.

இதெல்லாம் தாக்குதல் பக்கம். புதுமுகத்தை உண்மையில் பெஞ்சுக்கு அனுப்புவது டிஃபென்ஸ். அதிலும் பந்து வைத்திருப்பவனைத் தடுப்பதைவிட, பந்திலிருந்து தள்ளி நிற்கும்போது செய்யவேண்டிய வேலை.

ஒருவன் பந்து வைத்திருப்பவனுக்காக ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோல் வலப்பக்கம் நடக்கிறது என்று வையுங்கள். நம் புதுமுகத்தின் ஆள் இடது கார்னரில் சும்மா நிற்கிறான். அப்போது இவனும் அவன் பக்கத்தில் நின்றால் வேலை தெரியாதவன் என்று அர்த்தம். கூடைக்கு முன்னாலுள்ள செவ்வகமான பெயின்ட்டுக்குள் வந்து, பந்தும் தன் ஆளும் இரண்டுமே கண்ணில் படும்படி உடம்பைத் திருப்பி நிற்க வேண்டும். ஆனால் அங்கேயே நிற்கவும் கூடாது. 2001–02 சீசனிலிருந்து என்பிஏவில் தடுப்பவர்களுக்கும் மூன்று நொடி விதி உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் எதிராளி இல்லாமல் பெயின்ட்டில் மூன்று நொடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. கல்லூரியில் இந்த விதியே கிடையாது. அங்கே பெயின்ட்டின் அகலமும் 12 அடிதான், இங்கே 16. ஆகவே இவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே, மூன்று ஆகுமுன் பெயின்ட்டை விட்டு வெளியே போய், எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கி, மறுபடி உள்ளே வரவேண்டும். எண்ணும்போதும் கண் பந்தை விட்டு அகலக்கூடாது.

இப்போது ஸ்கிரீன் வைத்த பெரிய ஆள் உருண்டு கூடையை நோக்கி வருகிறான், பாஸ் அவனுக்கு. அவன் எழும்புவதற்கு முன், கூடைக்குக் கீழிருக்கும் நான்கடி வளைவுக்கு வெளியே, நெஞ்சைக் காட்டி எதிரே நிற்க வேண்டும். அவன் எழும்பிய பிறகு போனால் ஃபவுல். போய் நிறுத்திவிட்டால் பந்து உடனே இடது கார்னருக்குப் பறக்கும், இவன் விட்டுவந்த ஆளுக்கு. அங்கே ஓட வேண்டும். கடைசி மூன்று நான்கு அடியை குட்டிக் குட்டி அடியாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நிறுத்த வேண்டும். முழு வேகத்தில் பாய்ந்தால் எதிராளி சுடுவதுபோல் ஏமாற்றி, இவன் பறந்து போனதும் ஒரு டிரிபிளில் உள்ளே நுழைந்துவிடுவான். இவ்வளவும் மூன்று, நான்கு நொடிக்குள். ஒரே ஆட்டத்தில் எத்தனையோ முறை.

தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது கடைசிக் காட்சி மட்டுமே. அவன் ஆள் கார்னரில் மூன்று புள்ளி எடுத்தான் என்று பார்க்கிறோம். மறுநாள் காணொளியில் பயிற்சியாளர் பார்ப்பது, அதற்கு இரண்டு நொடி முன்பு இவன் ஓரடி தள்ளி நின்றதை.

குரலும் முக்கியம். ஸ்கிரீன் வைப்பவனைக் காக்கும் பெரிய ஆட்டக்காரனுக்கு ஸ்கிரீன் வருவது முன்னாலேயே தெரியும், பந்தைத் தடுப்பவனுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. ஸ்கிரீன் எந்தப் பக்கம், நான் பின்வாங்கிக் காக்கப் போகிறேனா, ஆளை மாற்றிக்கொள்ளலாமா, எல்லைக்கோட்டுப் பக்கமாகவே திருப்பி விடவா என்பதை ஸ்கிரீன் நிற்பதற்கு முன் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். புதுமுகம் சொல்வதில்லை. கூச்சம் ஒருபுறம், எதைச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது மறுபுறம். வாய் மூடியிருந்தால் மூளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மூத்தவர்கள் கண்டுகொள்வார்கள். எதிரணியும் கண்டுகொள்ளும், அடுத்தடுத்து அவனையே ஸ்கிரீனுக்கு இழுக்கும்.

இதைக் கற்க நேரம் எங்கே என்று கேட்டால், அதுதான் கொடுமை. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை 82 ஆட்டம், வாரத்துக்கு மூன்று நான்கு. சீசன் நடுவே முழுப் பயிற்சி அபூர்வம். காலையில் நடந்தபடியே திட்டத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பும் ஓய்வில்லை. மார்ச்சில் கல்லூரி சீசன் முடிகிறது, மே–ஜூனில் ஊர் ஊராகப் போய் அணிகள் முன் ஆடிக் காட்ட வேண்டும், ஜூனில் டிராஃப்ட், ஜூலையில் புதுமுகங்கள் ஆடும் சம்மர் லீக். முப்பது, முப்பத்தைந்து ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் இதை ‘ரூக்கி வால்’, அதாவது புதுமுகம் மோதும் சுவர், என்பார்கள். இதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர்கள் உடம்பு போதாது என்கிறார்கள். ஆனால் அவசரமாக எடை ஏற்றுவது மருந்தில்லை. பத்து கிலோவைக் கோடையில் ஏற்றினால் முழங்காலும் பாதமும் தாங்காது, ஷாட்டின் தூர உணர்வும் மாறும். இடுப்பும் தொடையும் பலப்படுவதுதான் முதல் தேவை, மார்பும் புஜமும் பிறகு வரட்டும்.

யாரும் இதிலிருந்து தப்புவதில்லை. பிரான்சில் தொழில்முறை ஆட்டம் ஆடிவிட்டு வந்த விக்டர் வெம்பன்யாமா, 2023 ஜூலையில் லாஸ் வேகஸ் சம்மர் லீகின் முதல் ஆட்டத்தில் 13 ஷாட்டில் இரண்டுதான் போட்டார், 9 புள்ளி. அடுத்த ஆட்டத்தில் 27. சீசன் தொடக்கத்தில் அவரை இன்னொரு உயரமான ஆட்டக்காரரின் பக்கத்தில் ஃபார்வர்டாக நிறுத்தினார்கள், பெயின்ட்டில் நெரிசல். டிசம்பரில் கூடைக்கு அருகே ஆடும் சென்டராக்கினார்கள், பின்னர் ஆட்டத்தை நடத்தும் அனுபவமுள்ள பாயின்ட் கார்டு ஒருவரையும் முதல் ஐவரில் சேர்த்தார்கள், ஆட்டம் திறந்துகொண்டது. சீசன் முடிவில் சராசரி 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்ட், சிறந்த புதுமுகம் விருது. தடுமாற்றத்தில் பாதி, பையனை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். ஐரோப்பாவிலிருந்து வந்த லூக்கா டான்சிச்சுக்கு முதல் வருடம் எளிதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. 16 வயதிலேயே ரியல் மாட்ரிட் மூத்தோர் அணியில் ஆடியவர். ஐரோப்பாவில் தடுப்பவர்களுக்கு மூன்று நொடி விதி இல்லை, பெயின்ட் எப்போதும் அடைத்துக் கிடக்கும். அங்கே வழி கண்டுபிடித்தவருக்கு என்பிஏவில் இடம் தாராளமாகக் கிடைத்தது.

ஜி லீக் அவமானமா என்ற கேள்விக்கு ஜெர்மெய்ன் ஓ’நீலின் கதையே பதில். 1996இல் பள்ளியிலிருந்து நேராக போர்ட்லண்டுக்கு வந்தார். நான்கு வருடம் பெரும்பாலும் பெஞ்ச், கடைசி வருடச் சராசரி 3.9 புள்ளி. 2000இல் இண்டியானாவுக்கு மாற்றியதும் நாள்தோறும் முதல் ஐவரில் ஆடினார், அந்த வருடமே 12.9. பிறகு லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஆறு முறை தேர்வு. அவர் வந்தபோது ஜி லீக் கிடையாது, அது 2001இல்தான் தொடங்கியது. இருந்திருந்தால் அந்த நான்கு வருடத்தில் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்பது என் கணிப்பு. பாஸ்கல் சியாகமுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. 2016இல் 27ஆவதாக டொராண்டோவுக்கு வந்து, முதல் சீசனில் மூன்று புள்ளி ஷாட் ஏழில் ஒன்றுதான் போட்டார். ராப்டர்ஸ் 905 என்ற ஜி லீக் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே பந்து அவர் கைக்கு வந்தது, தவறு செய்தாலும் அடுத்த நிமிடமே மாற்றவில்லை. 2017இல் அந்த அணி பட்டம் வென்றது, இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2019 என்பிஏ இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் 17 ஷாட்டில் 14 போட்டு 32 புள்ளி. ஒரு அணி பையனை ஜி லீகுக்கு அனுப்புகிறது என்றால் அங்கே அவனுக்கு எந்த வேலை தருகிறார்கள் என்று பாருங்கள். மேலே அவன் செய்யப்போகும் அதே வேலை என்றால் நல்லது. வெறுமனே புள்ளி எடுக்கவிட்டால் திரும்பி வந்து மறுபடி தடுமாறுவான்.

சத்னம் சிங் விஷயம் மனதை வருத்துவது. லூதியானா அகாடமி, அங்கிருந்து ஃப்ளோரிடாவில் ஐஎம்ஜி அகாடமி, கல்லூரி ஆட்டமே இல்லாமல் 2015 ஜூனில் டல்லஸ் அவரை 52ஆவதாக எடுத்தது. இந்தியாவிலிருந்து முதல் ஆள், 7 அடி 2 அங்குலம். அதே மாதம்தான் கோல்டன் ஸ்டேட் இறுதிச்சுற்றின் நடுவில் தன் பெரிய சென்டரைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, சிறிய உருவங்களை வைத்துப் பட்டம் வென்றிருந்தது. கூடைக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று விளையாடும் கனமான சென்டருக்குத் தேவை குறைந்துகொண்டிருந்த நேரம். மூன்று புள்ளிக் கோடுவரை வெளியே வந்து, வேகமான கார்டின் முன் பக்கவாட்டில் நகர்ந்து காக்கும் கால் அவருக்கு அமையவில்லை. டல்லஸின் ஜி லீக் அணியான டெக்சாஸ் லெஜெண்ட்ஸிலும் ஆடுநேரம் அதிகம் கிடைக்கவில்லை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. அவர் கற்றுவந்த ஆட்டமும் அவரை எடுத்த ஆட்டமும் வேறு வேறாக இருந்தன.

இன்று அதே உயரத்தில் ஒரு பையன் இங்கிருந்து கிளம்புகிறான் என்றால் கூடைக்குக் கீழே முதுகைக் காட்டி ஆடும் போஸ்ட் அசைவுகளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாம். இரண்டு காலையும் சேர்க்காமல் பக்கவாட்டில் நகர்வது, கார்னரில் நின்று கொண்டே பிடித்துச் சுடுவது, ஸ்கிரீனைக் கண்டதும் கத்துவது. இந்த மூன்றையும் பதினைந்து வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். கடைசியில் சொன்னதற்கு மட்டும் பந்துகூட வேண்டாம்.

அன்புடன்